ஞானத்தாய்க்கு ஒரு சாட்சி

லண்டன், தேம்ஸ் தென்கரை
1608 பிப்ரவரி 3

டாம்சின்,

உன் கடிதம் நேற்று வந்தது. கழுத்துப்பட்டி மடிக்கும் சூடான இரும்புக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே கத்திவிட்டேன். என்னிடம் வேலை செய்யும் பெண்கள் இருவரும் கை சுட்டுவிட்டதென்று தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். "சுடலடி, எனக்குப் பிள்ளை பொறக்கப்போகுது" என்றேன். இரண்டும் என் வயிற்றைத்தான் பார்த்தன.

உனக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம் கழித்து வரும் பிள்ளை. கொள்ளைநோய் வருடத்தில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? உன் அக்குளில் கட்டி வந்து, வீட்டில் எல்லோரும் ஓடிப்போய், பதினோரு நாள் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். "பொழச்சா, என் முதல் பிள்ளைக்கு நீதான் ஞானத்தாய்" என்றாய். பிழைத்தாய். இப்போது பிள்ளையும் வருகிறது. ஆகவே நானும் வருகிறேன். வசந்தத்தில் பாதை காய்ந்ததும் சுமைவண்டியில் கிளம்பிவிடுவேன்.

வெட்கமில்லாமல் ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்த நாட்டில் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. அப்பா கினியாவில் பிறந்து, லிஸ்பன் வழியாக வந்து, லண்டனில் செத்தார். அதோடு சரி. ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி ஞானத்தாய் ஆகிவிட்டால் அது ரத்தத்துக்குச் சமமான சொந்தம் என்று கோயிலே சொல்கிறது. அந்தச் சொந்தம் எனக்கு வேண்டும்.

தொழில் நன்றாக நடக்கிறது. லண்டன் கனவான்களின் கழுத்தில் நிற்கும் வெள்ளைப் பட்டிகளில் பாதி என் கஞ்சியில்தான் நிற்கிறது. போன வாரம் புது வாடிக்கைக்காரி ஒருத்தி, பட்டு வியாபாரியின் மனைவி, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"உன் கைச் சாயம் பட்டியில ஒட்டிக்காதா?"

"ஒட்டாதும்மா. முப்பத்திரண்டு வருஷமா என் மேலயே ஒட்டிக்கிட்டிருக்கு. வேற எடம் போன்னாலும் போக மாட்டேங்குது."

சிரித்துவிட்டாள். மூன்று பட்டிகளைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நன்றாகச் சாப்பிடு.

டார்கஸ்

---

ஹெலிங்ஃபோர்ட், டெவான் சீமை
பிப்ரவரி 24

என் அன்பான டார்கஸுக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை தொடங்கிக் கிழித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் படி.

உன் கடிதம் வந்தபோது வாங்கியது என் மாமியார். ஹானர் அத்தையைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். அவர் உன் கடிதத்தை அடுப்பு இடுக்கியால் பிடித்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "வயித்துல பிள்ளையோட கறுப்பியைப் பாத்தாலே பிள்ளை கறுப்பாப் பொறக்கும். இதுல அவ கை பட்டிருக்கு. பெத்தப்புறம் எடுத்துப் படிச்சுக்கோ" என்றார். கில்பர்ட்டுக்குச் சிரிப்பு. ஆனால் அம்மா சொல்லைத் தட்டமாட்டார். அதனால் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அவர் நல்லவர், டார்கஸ். அப்படித்தான் நான் நினைக்கிறேன்.

அத்தை போய்ப் பாதிரியார் பென்ட்டிலிடம் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஞானத்தாயாக நிற்பவள் ஞானஸ்நானம் பெற்றவளாக இருக்க வேண்டுமாம். "லிஸ்பன் வழியா வந்தவங்கன்னா, ஒண்ணு கத்தோலிக்கச்சி, இல்லேன்னா ஒண்ணுமே இல்லாதவ. ரெண்டும் ஆகாது" என்றார். உன் கோயிலிலிருந்து சீட்டு வாங்கி வந்தால் தடையில்லை என்று முடித்தார். சீட்டு வாங்குவது உனக்குச் சிரமமாக இருக்காதுதானே?

இன்னொன்று. இனிமேல் மருத்துவச்சி வில்மட் வீட்டுக்குக் கடிதம் அனுப்பு. அவள் யாரிடமும் சொல்லமாட்டாள். நாம் வளர்ந்த எல்லரி அம்மாள் வீட்டு அடுப்படிக் கதை எதையும் தவறிக்கூட எழுதாதே. காரணம் கேட்காதே.

கால் வீங்கியிருக்கிறது. புளிப்பு ஆப்பிள் மட்டும்தான் உள்ளே போகிறது.

டாம்சின்

---

லண்டன்
மார்ச் 16

டாம்சின்,

முதலில் உன் மாமியாருக்கு. லண்டனில் தினமும் காலையில் கரிக்காரன் வாசல் வாசலாக நின்று கூவுகிறான். கர்ப்பிணிகள்தான் வந்து கரி வாங்குகிறார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கரிக்கட்டையாகவா பிறக்கின்றன? என் அம்மா ஒன்பது மாதமும் போர்த்துக்கீசிய எஜமானியின் வெள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். நான் எப்படிப் பிறந்தேன் என்று உனக்கே தெரியும். இதை அத்தையிடம் சொல். சொல்லமாட்டாய். போகட்டும்.

சீட்டுக்குப் போனேன். கோயில் எழுத்தர் கிழவர், சளி பிடித்தவர், மூக்கைச் சிந்திக்கொண்டே பதிவேட்டை எடுத்தார்.

"எந்த வருஷம்?"

"ஸ்பானியக் கப்பல்கள் வந்த வருஷம். மே மாசம். எனக்குப் பன்னண்டு வயசு."

விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றார். திருப்பி என்னிடம் காட்டினார். 'எல்லரி அம்மாள் வீட்டுக் கறுப்பி. பெயர்' என்று எழுதி, அதற்குப் பிறகு ஒரு விரல் நீளத்துக்கு வெறும் தாள்.

"பேர் எங்க ஐயா?"

"அப்ப இருந்த எழுத்தர் துண்டுச் சீட்டுல குறிச்சு வெச்சு, அப்புறமா இதுல ஏத்துவாரு. பேர் மறந்திருக்கும்."

"நெறம் மறக்கலியே?"

"அது எப்படிம்மா மறக்கும்?" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே சொன்னார். அதுதான் எனக்கு எரிச்சல்.

"சரி, இப்ப எழுதுங்க. டார்கஸ்."

"இருபது வருஷம் கழிச்சு எழுதினா அது பொய்ப்பதிவு. அந்தக் கறுப்பி நீதான்னு எப்படித் தெரியும்? அன்னிக்குக் கூட நின்னவங்க யாராச்சும் வந்து சத்தியம் பண்ணட்டும்."

கூட நின்றவர்களை எண்ணிப் பார்த்தேன். எல்லரி அம்மாள் இறந்துவிட்டார். எனக்கு ஞானத்தாய்களாக நின்ற இருவரையும் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. பாதிரியாரும் இல்லை. மிச்சம் ஒரே ஆள். அம்மாள் கோயிலில் மண்டியிடும் மெத்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்த எட்டு வயதுக்காரி. என் தலையில் தண்ணீர் விட்டபோது களுக்கென்று சிரித்துக் காதில் திருகு வாங்கியவள். நீ.

நீ லண்டனுக்கு வர வேண்டாம். உன் பாதிரியார் முன்னால் நின்று 'நான் பார்த்தேன்' என்று சொன்னால் போதும்.

ஏன் அடுப்படிக் கதை எழுதக்கூடாது? காரணம் கேட்காதே என்றாய். கேட்கிறேன். அந்த வீட்டில் நீ யாராக இருந்தாய் என்று அங்கே சொல்லி வைத்திருக்கிறாய்?

டார்கஸ்

---

ஹெலிங்ஃபோர்ட்
ஏப்ரல் 2

டார்கஸ்,

எல்லரி அம்மாளின் அண்ணன் மகள் என்று.

நானாகச் சொல்லவில்லை. கில்பர்ட் துணி விற்க லண்டன் வந்த அன்று, அம்மாள் எனக்கு விட்டுப்போன பழைய நீலக் கவுனைப் போட்டிருந்தேன். நீ பின்னால் கூடையோடு நின்றாய். அவராக நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. பிறகு திருத்துவதற்கு நேரம் கடந்துவிட்டது. நீ எனக்குப் பணிவிடை செய்தவள் என்றும் அவராகவே நினைத்துக்கொண்டார். அதையும் நான் திருத்தவில்லை.

பாதிரியாரிடம் 'பார்த்தேன்' என்றால், எங்கே நின்று பார்த்தாய், ஏன் மெத்தையைத் தூக்கினாய் என்று கேட்பார். அத்தை பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். துவைத்துக் காயப்போடுவதுபோல என்னைப் பிழிந்து எடுத்துவிடுவார். கில்பர்ட் என் முகத்தையே பார்க்கமாட்டார். பிள்ளை பிறக்கும் நேரத்தில் நான் எங்கே போவேன்?

இதை எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிடுகிறேன். உன்னுடையதை உன்னால் மறைக்க முடியாது. என்னுடையதை என்னால் மறைக்க முடிந்தது. கடவுள் கொடுத்த அந்த ஒரு சௌகரியத்தை ஏன் விடச் சொல்கிறாய்?

வேறு யாராவது ஞானத்தாயாக நிற்கட்டும். நீ பிறகு விருந்தாளியாக வா. பிள்ளை பெண்ணாக இருந்தால் உன் பெயரையே வைக்கச் சொல்கிறேன். போதாதா?

டாம்சின்

---

லண்டன்
ஏப்ரல் 20

டாம்சின்,

போதாது.

பழைய ராணி காலத்தில், நாட்டில் கறுப்பர்கள் அதிகமாகிவிட்டார்கள், பிடித்து அனுப்புங்கள் என்று ஓர் உத்தரவு வந்ததே, நினைவிருக்கிறதா? காகிதத்தோடு வந்த ஆளை எல்லரி அம்மாள் வாசற்படி ஏறவிடவில்லை. அன்று முழுக்க என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நீ பின்வாசலில் அழுதாய். 'இவளைக் கொண்டுபோனா என்னையும் கொண்டுபோங்க' என்றாய். பதினாறு வயதில் உனக்கு இருந்த வாய் இருபத்தெட்டில் எங்கே போயிற்று?

உன் கடிதம் வலித்தது. மூன்று நாள் கஞ்சியைக் கருகவிட்டேன். நாலாம் நாள் ஒன்று புரிந்தது. மறைக்க எதுவும் இல்லாதவளுக்குப் பயப்படவும் எதுவும் இல்லை. நான் வருகிறேன். உன்னை எதுவும் கேட்கமாட்டேன். உன் பொய்யை நான் காட்டிக்கொடுக்கமாட்டேன், அது உன் பாடு. என் உண்மையை நானே சொல்லிக்கொள்கிறேன்.

டார்கஸ்

---

வீட்டிலிருந்து, வில்மட் கையில்
மே 13, வெள்ளி

டார்கஸ்,

நீ வந்து சத்திரத்தில் இருப்பதாக வில்மட் சொன்னாள். பெண் பிறந்திருக்கிறாள். நேற்று மதியம். வெள்ளையாகத்தான் இருக்கிறாள். அத்தை வெளிச்சத்தில் கொண்டுபோய்க் காது மடல் வரைக்கும் பார்த்துவிட்டார்.

ஞாயிறு ஞானஸ்நானம். நான் வரமுடியாது. இந்த ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், பிரசவித்தவள் ஒரு மாதம் அறையை விட்டு அசையக்கூடாது. அதற்கு முன்னால் தெருவில் கால் வைத்தால் அந்த இடத்தில் புல் முளைக்காது என்பார்கள். ஜன்னலைக்கூட அடைத்து வைத்திருக்கிறார்கள்.

கோயிலுக்குப் போகாதே. எல்லோர் முன்னாலும் உன்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். என்னால் தாங்க முடியாது. கெஞ்சிக் கேட்கிறேன்.

டா.

---

சத்திரம்
அதே நாள்

டாம்சின்,

பெண்! உனக்கு நூறு முத்தம், அவளுக்கு ஆயிரம்.

போவேன். என் கழுத்துப்பட்டிக்கு இப்போதுதான் கஞ்சி போட்டுக் காயவைத்திருக்கிறேன். நூற்றிருபது மடிப்பு. உங்கள் ஊர் கண்ணால் கண்டிராத வெள்ளை.

டார்கஸ்

---

லண்டன்
மே 30

டாம்சின்,

காய்ச்சல் விட்டுவிட்டதென்று வில்மட் யாரையோ எழுத வைத்து அனுப்பியிருக்கிறாள். அதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நீ வந்தது பாதியில். உன்னைத் தூக்கிக்கொண்டு போனதும் பாதியில். முன்னும் பின்னும் நடந்தது உனக்குத் தெரியாது, சொல்கிறேன்.

ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் உன் நாத்தனார் நின்றாள். அவளுக்கு அடுத்து நான் போய் நின்றேன். கோயில் முழுக்க என் பட்டியைத்தான் பார்த்தது. பாதிரியார் என்னைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"ஞானஸ்நானம் பெற்றவளா?"

"பெற்றவ."

"சாட்சி?"

"கடவுள்."

"கடவுள் வந்து கையெழுத்துப் போடமாட்டார்."

விசுவாசப் பிரமாணத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு சொல் தவறாமல் சொன்னேன். அதற்கு அவர், "கிளிகூடச் சொல்லும்" என்றார். "சொல்லும் ஐயா. ஆனா இதுவரைக்கும் எந்தக் கிளியும் பிள்ளையை ஏந்திக்கறேன்னு வந்து நிக்கல" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உன் மாமியார் எழுந்தார். "கேட்டீங்கல்ல ஐயா, வாயப் பாத்தீங்கல்ல? வெளிய அனுப்புங்க" என்றார். கில்பர்ட் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பட்டி மட்டும்தான் விறைப்பாக நின்றது.

அப்புறம் கதவு திறந்தது. இரவுச் சட்டைக்கு மேல் புருஷனின் மேலங்கி, தலையில் ஒன்றும் இல்லை, ஒரு கை சுவரில். பெண்கள் "ஐயையோ" என்று ஒதுங்கினார்கள், நீ தீயோடு வந்ததுபோல. நீ சொன்னது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு எழுத்துக்கு எழுத்து இருக்கிறது.

"நான் பாத்தேன். நான் எல்லரி அம்மாவோட அண்ணன் மக இல்ல. அவங்க அடுப்படியில பாத்திரம் தேச்சவ. மெத்தையைத் தூக்கிட்டு முன்னால போனேன். இவ தலையில தண்ணி விட்டாங்க, டார்கஸ்னு பேர் சொன்னாங்க. இந்தக் காதால கேட்டேன். சத்தியம் பண்ணணும்னா புத்தகத்தைக் கொண்டாங்க."

புத்தகத்தில் கை வைத்தாய், அப்படியே சரிந்தாய். கில்பர்ட் உன்னை வாரி எடுத்துக்கொண்டு ஓடினார். தொப்பி தரையில் கிடந்தது.

பாதிரியார் உன் மாமியாரைப் பார்த்தார். மாமியார் தரையைப் பார்த்தார். வில்மட்தான், "ஐயா, தண்ணி சில்லிட்டுப் போகுது. புடிம்மா" என்று பிள்ளையை என் கையில் கொடுத்தாள். அதற்கு மேல் பாதிரியாரால் மறுக்க முடியவில்லை. சத்தியம் சத்தியம்தானே.

"பெயர் சொல்" என்றார். மூன்று மாதமாக என் பெயரைத்தான் வாயில் வைத்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் "டாம்சின்" என்றுதான் வந்தது. அதற்கு நான் வருத்தப்படவில்லை.

பிள்ளை என் பட்டியைப் பிடித்துக் கசக்கிவிட்டாள். ஒரு பக்கம் பதினைந்து மடிப்பு போயிற்று. இன்னும் துவைக்கவில்லை.

டார்கஸ்

---

ஹெலிங்ஃபோர்ட்
ஜூன் 20

டார்கஸ்,

எழுந்து நடமாடுகிறேன். ஒரு மாதம் முடிந்து கோயிலுக்குப் போய் நன்றி செலுத்தும் நாளில், வழக்கப்படி கூட வரவேண்டிய பெண்கள் ஒருத்தியும் வரவில்லை. வில்மட் மட்டும் வந்தாள். சந்தையில் என்னை இப்போது 'பாத்திரம்' என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் மீன்காரியிடம் "பாத்திரம் வந்திருக்கு, நல்லதா ரெண்டு போடு" என்றேன். அதோடு அவள் நிறுத்திவிட்டாள்.

அத்தை என்னோடு பேசுவதில்லை. பிள்ளையோடு பேசுகிறார், எனக்குக் கேட்கும்படி.

கில்பர்ட் நான்கு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. போன செவ்வாய் காலை உணவில் ரொட்டியைப் பிட்டுக்கொண்டே கேட்டார், "அந்த வீட்டுல டார்கஸ் உனக்குக் கீழயா வேலை பாத்தா?"

இனி எதற்குப் பொய்? சொன்னேன். "நான்தான் அவளுக்குக் கீழ. அவ கூடத்துல உக்காந்து தையல் வேலை பாத்தவ, சம்பளக்காரி. நான் கழுவின தட்டை அவ தூக்கிப் பாத்து, சரியில்லைன்னா மறுபடி கழுவணும்."

அவர் ரொட்டியைக் கீழே வைத்தார். "அஞ்சு வருஷமா, என் பொண்டாட்டிக்கு லண்டன்ல கறுப்பு வேலைக்காரி இருந்தான்னு ஊர் முழுக்கப் பீத்திக்கிட்டிருக்கேன். நீயும் கேட்டுக்கிட்டே இருந்த."

"கேட்டுக்கிட்டே இருந்தேன்" என்றேன்.

டார்கஸ், உன்னிடம் சொல்ல வேண்டியது அதுதான். நீ பக்கத்தில் நின்றால் யாரும் என்னை வேலைக்காரி என்று நினைக்கவில்லை. உன் நிறத்தைப் பார்த்தே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். அதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். நீ என்னைச் சாவிலிருந்து இழுத்து வந்தவள். என்னை மன்னித்துவிடு. சும்மா சொல்லவில்லை, மன்னித்தேன் என்று எழுதி அனுப்பு. எனக்கு அதைக் கையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கில்பர்ட் நேற்று என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிள்ளையைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துச் சும்மா இருந்தேன். "உன்னத்தான்டி" என்றார்.

டாம்சின்

---

லண்டன்
ஜூலை 9

டாம்சின்,

மன்னித்தேன். இதோ எழுதிவிட்டேன், வைத்துக்கொள். ஆனால் அந்தத் தட்டுகளை நீ ஒருநாளும் சரியாகக் கழுவியதில்லை. அதை மன்னிக்கமாட்டேன்.

நேற்று நகரத்து அதிகாரி ஒருவர் வந்தார். வெளிநாட்டார் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வீடு வீடாக எழுதுகிறார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சுத் தொப்பிக்காரர், டச்சு நெசவாளி இருவர், அப்புறம் நான். கதவைத் தட்டி, என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே பாதியை எழுதிக்கொண்டார்.

"எவ்வளவு காலமா இருக்க?"

"நெனவு தெரிஞ்ச நாளா."

"தொழில்?"

"கழுத்துப்பட்டிக்குக் கஞ்சி போடறது. உங்களோடது தொங்குது, குடுத்துட்டுப் போங்க."

கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். போன முறை இப்படி எழுத வந்தபோது அடுத்த கேள்விக்கு நான் இல்லையென்று தலையைத்தான் ஆட்டினேன். இந்தத் தடவை வந்தவரை உட்காரச் சொல்லி, அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"இந்த நாட்டுல சொந்தக்காரங்க?"

"மக இருக்கா. டெவான் சீமையில."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"மக கறுப்பா, வெள்ளையா?"

"அழுறப்ப செவப்புங்க" என்றேன்.

டார்கஸ்